பனிமலையில் குடும்பத்துடன் சறுக்குநடை: நோயாளிகளும் உடன் செல்வோரும் அறிய வேண்டியவை

அறிமுகம்

குளிர்காலத்தில் காஷ்மீரின் குல்மார்க், உத்தரகாண்டின் அவுலி, இமாசலப் பிரதேசத்தின் சோலாங் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களுக்குக் குடும்பத்துடன் சுற்றுலா செல்வோர் பலர். அவர்களுள் சிலர் பனியைக் கண்டு மகிழ்வதோடு நில்லாமல், கால்களில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு அதன் மீது நடந்து செல்லவும் விரும்புகின்றனர். இவ்வாறு செல்லும் குடும்பத்தில் ஒரு சிறு குழந்தையோ, சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்திற்கோ மருந்து உட்கொள்ளும் ஒருவரோ இருப்பது இயல்பு.

நோய் உள்ளவர் பனிமலைக்குச் செல்லவே கூடாது என்பதில்லை. உரிய ஆலோசனையும் ஆயத்தமும் இருந்தால் பலரும் பாதுகாப்பாகச் சென்று வரலாம். ஆயினும் ஒன்றை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். குழுவில் உடல்வலிமை மிகக் குறைந்தவர் எவரோ, அவரால் இயலும் தூரமே முழுக் குடும்பத்திற்கும் உரிய தூரம். அவருடைய வேகமே அனைவருக்கும் உரிய வேகம். அவர் சோர்வடையும் நேரமே அனைவரும் திரும்ப வேண்டிய நேரம்.

சறுக்குநடை என்பது யாது?

‘கிராஸ் கண்ட்ரி ஸ்கீயிங்’ எனப்படும் சறுக்குநடை, செங்குத்தான சரிவில் விரைந்து வழுக்கி இறங்கும் விளையாட்டிலிருந்து வேறுபட்டது. இதில் காலணியின் முன்பகுதி மட்டுமே பலகையுடன் பிணைக்கப்பட்டிருக்கும், குதிகால் மேலெழும்பும். இரு கைகளிலும் கோல்களை ஊன்றித் தள்ளியவாறு, சமதளத்திலும் மென்மையான ஏற்ற இறக்கங்களிலும் நடக்க வேண்டும்.

பார்ப்பதற்கு இது மெதுவான நடை போலத் தோன்றும். ஆனால் கால், தொடை, இடுப்பு, முதுகு, தோள், கை ஆகிய அனைத்துத் தசைகளும் ஒருசேர உழைப்பதால், இதயத்திற்கும் நுரையீரலுக்கும் இது ஓட்டத்திற்கு நிகரான உழைப்பாகும். வீட்டருகே நாள்தோறும் அரைமணி நேரம் நடப்பவர் பனியிலும் அரைமணி நேரம் எளிதாக நடப்பார் எனக் கருதுதல் தவறு. முதல் நாளில் பயிற்றுநருடன் சமதளத்தில் குறுகிய நேரம் பழகுவதே போதுமானது.

உயரத்தினால் உடலில் ஏற்படும் மாற்றம்

நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரமுடையது. குல்மார்க்கின் புல்வெளி ஏறத்தாழ அதே உயரத்தில், சுமார் 2,650 மீட்டரில் உள்ளது. தொட்டபெட்டாவிற்குச் செல்வோர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுக் கீழிறங்குகின்றனர். குல்மார்க்கில் அதே உயரத்தில் இரவு உறங்கி, மறுநாள் கடுமையாக உழைக்கின்றனர். அங்கிருந்து மேலே செல்லும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் 4,000 மீட்டரை நெருங்கும் உயரம் வரை செல்கிறது.

குல்மார்க்கின் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கு மட்டுமே. 4,000 மீட்டரில் அது ஐந்தில் மூன்று பங்காகக் குறைகிறது. உடல் இதற்குப் பழக நாட்கள் தேவை. கடற்கரை நகரமான சென்னையிலிருந்து காலையில் விமானம் ஏறுபவர் மாலைக்குள் குல்மார்க்கை அடைந்துவிட இயலும். ஆனால் உடல் அவ்வளவு விரைவில் பழகுவதில்லை.

சுமார் 2,500 மீட்டருக்கு மேல் சென்ற சில மணி நேரத்தில் தலைவலியும், அதனுடன் குமட்டல், பசியின்மை, மிகுந்த சோர்வு, தலைச்சுற்றல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றும் தோன்றினால் அது உயர்மலை நோயின் தொடக்கமாக இருக்கலாம். பேசத் தெரியாத குழந்தையிடம் இது காரணமற்ற அழுகையாகவும், உணவு மறுத்தலாகவும், உறக்கமின்மையாகவும் வெளிப்படும்.

இதனைத் தவிர்க்கப் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கவும்:

• ஸ்ரீநகர் (சுமார் 1,600 மீட்டர்), ஜோஷிமட் (சுமார் 1,900 மீட்டர்) போன்ற இடைப்பட்ட உயரத்தில் ஓர் இரவேனும் தங்கிய பின் மேலே செல்லவும்.
• மேலே சென்ற முதல் நாளில் கடும் உழைப்பைத் தவிர்க்கவும்.
• தலைவலி உள்ளவர் அது நீங்கும்வரை மேலும் உயரத்திற்குச் செல்லக் கூடாது.
• ஓய்விலும் தலைவலி அதிகரித்தால் கீழிறங்க வேண்டும். இதற்கு முதன்மையான சிகிச்சை கீழிறங்குவதே.
• உயர்மலை நோயைத் தடுக்கும் மாத்திரைகளை மருத்துவரின் பரிந்துரையின்றி உட்கொள்ளக் கூடாது.

குளிர் எப்போது ஆபத்தாகிறது?

நடந்துகொண்டிருக்கும்போது தசைகள் பெருமளவு வெப்பத்தை உண்டாக்குவதால் குளிர் தெரிவதில்லை, வியர்வையே பெருகுகிறது. நின்றவுடன் அந்த வெப்ப உற்பத்தி குறைகிறது. வியர்வையில் நனைந்த உட்சட்டையோ உடலின் வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே நடக்கும் நேரத்தைக் காட்டிலும், நனைந்த உடையுடன் நிற்கும் நேரமே அதிக ஆபத்து உடையது. புகைப்படம் எடுக்க நிற்பது, பின்தங்கியவருக்காகக் காத்திருப்பது, பழுதான காலணியைச் சரிசெய்வது ஆகிய சிறு இடைவேளைகளிலேயே உடல் குளிரத் தொடங்குகிறது.

காற்று இதனை மேலும் கடுமையாக்குகிறது. வெப்பநிலை −10 டிகிரி செல்சியஸாக இருந்து, காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், வெளியே தெரியும் தோலுக்கு அது ஏறத்தாழ −20 டிகிரிக்கு நிகராகும்.

பருத்தி பனியனும் ஜீன்ஸும் நம் ஊருக்கு உகந்தவை. பனிக்கு உகந்தவை அல்ல. பருத்தி ஈரத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். உடலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது வியர்வையை வெளியேற்றும் செயற்கை இழை உடை, அதன் மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத மேலங்கி என மூன்று அடுக்குகளாக அணிய வேண்டும். நடக்கத் தொடங்கும் முன் ஓர் அடுக்கைக் கழற்றிப் பையில் வைத்து, நின்றவுடன் அதனை அணிந்துகொள்வதே சரியான முறை. உலர்ந்த காலுறை, கையுறை, உட்சட்டை ஆகியவை ஒருவருக்கு ஒரு தொகுப்பு வீதம் கூடுதலாக இருத்தல் வேண்டும்.

குளிருக்காக உடலில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் உள்ளது. எண்ணெய் தோலைக் குளிரிலிருந்து காக்காது. உடல் சூடேற மது அருந்துவதும் பெரும் தவறு. மது தோலின் இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்வதால் சூடு ஏறியது போன்ற உணர்வு உண்டாகும். உண்மையில் உடலின் உள்வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கும். குழந்தைக்கோ முதியவருக்கோ ‘ஒரு சொட்டு’ பிராந்தி கொடுப்பதும் கூடாது.

குழந்தைகளும் முதியோரும்

குழந்தையின் எடையுடன் ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு அதிகம். எனவே பெரியவர்களைவிட விரைவாக வெப்பத்தை இழக்கும். முதுகில் சுமக்கப்படும் குழந்தையும், சிறு பனிவண்டியில் அமர்த்தி இழுக்கப்படும் குழந்தையும் அசைவதில்லை. சுமக்கும் தந்தைக்கு வியர்த்துக்கொண்டிருக்கும் அதே வேளையில் குழந்தையின் கால்கள் குளிர்ந்துபோகலாம். தமக்குத் தோன்றும் வெப்பத்தைக் கொண்டு குழந்தையின் நிலையைப் பெற்றோர் மதிப்பிடலாகாது. 15 நிமிடத்திற்கு ஒருமுறை கையுறையைக் கழற்றிக் குழந்தையின் பாதம், கை, கழுத்தின் பின்புறம் ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். முதுகுப் பையின் வார்கள் தொடையை இறுக்கினால் காலுக்கு இரத்த ஓட்டம் குறையும் என்பதையும் கவனிக்க வேண்டும். கைக்குழந்தைகளை நீண்ட சறுக்குநடைக்கு அழைத்துச் செல்லாதிருப்பதே நன்று.

முதியோரிடம் நடுக்கம் குறைவாகவே தோன்றும். குளிரை உணரும் திறனும் மங்கியிருக்கும். ‘எனக்கு ஒன்றும் இல்லை, நீங்கள் போங்கள்’ என அவர்கள் கூறுவதை முழுமையான தகவலாக ஏற்க வேண்டாம். பிறருக்குத் தொல்லை தரக்கூடாது என்னும் எண்ணத்தாலும் அவ்வாறு கூறுவதுண்டு. தனியே அமரவைத்துவிட்டு மற்றவர்கள் முன்னே செல்வது எக்காரணம் கொண்டும் கூடாது.

நாட்பட்ட நோய் உள்ளவர்களுக்கு

பயணத்திற்குச் சில வாரங்களுக்கு முன்பே தமது மருத்துவரை அணுகி, செல்லும் இடத்தின் உயரத்தையும் அங்கு மேற்கொள்ளவிருக்கும் உழைப்பையும் தெரிவித்து ஆலோசனை பெற வேண்டும்.

இதய நோய்: குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் உயரும். அதனுடன் கடும் உழைப்பும் சேரும்போது நெஞ்சுவலி தூண்டப்படலாம். அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர், ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர், சமதளத்தில் நடக்கும்போதே மூச்சுத்திணறல் உள்ளவர் ஆகியோர் மருத்துவரின் அனுமதியின்றிச் செல்லக் கூடாது.

சர்க்கரை நோய்: நீண்ட உழைப்பினால் இரத்தச் சர்க்கரை தாழக்கூடும். அதன் நடுக்கமும் குழப்பமும் குளிரினால் ஏற்படுவன போலவே தோன்றும். எனவே ஐயம் எழுந்தால், விழுங்க இயலும் நிலையில் உள்ளவருக்கு உடனே சர்க்கரை கொடுக்கவும். இன்சுலின் உறைந்துவிட்டால் உருகிய பின்னும் அதனைப் பயன்படுத்தக் கூடாது. உடலை ஒட்டிய உட்பையில் வைத்திருக்கவும். கடுங்குளிரில் குளுக்கோமீட்டர் தவறான அளவைக் காட்டலாம் அல்லது செயல்படாமல் போகலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குப் பனிக்கடி ஏற்பட்டாலும் வலி தெரியாது. அவர்கள் சறுக்குநடையைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

ஆஸ்துமா: குளிர்ந்த வறண்ட காற்றை வேகமாக இழுக்கும்போது மூச்சுக்குழாய்கள் சுருங்கும். மூக்கையும் வாயையும் துணியால் மூடி மூச்சு விடுவது உதவும். இன்ஹேலரைச் சட்டையின் உட்புறம் வைத்திருக்கவும்; குளிர்ந்துபோன இன்ஹேலர் உரிய அளவு மருந்தை வெளியேற்றாது.

அரிவாள் செல் இரத்தசோகை: நீலகிரி உள்ளிட்ட மலைப்பகுதிப் பழங்குடி மக்களிடையே காணப்படும் இந்நோயில், குளிர், நீரிழப்பு, ஆக்சிஜன் குறைவு ஆகிய மூன்றுமே கடும் வலித் தாக்குதலைத் தூண்டக்கூடியவை. மருத்துவ ஆலோசனையின்றி இத்தகைய உயரத்திற்குச் செல்லக் கூடாது.

கருவுற்ற பெண்கள்: கீழே விழும் அபாயம் உள்ளதால் சறுக்குநடையைத் தவிர்க்க வேண்டும்.

மருந்துகள்: பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளை உட்கொள்வோருக்கு உழைப்பிற்கேற்ப இதயத் துடிப்பு உயராது, விரைவில் களைப்பர். சர்க்கரை தாழும்போது தோன்றும் படபடப்பையும் இம்மாத்திரை மறைத்துவிடும். எனினும் எந்த மருந்தையும் தாமாக நிறுத்தக் கூடாது. மருந்துகளைக் கைப்பையிலும் பெட்டியிலும் பிரித்து வைக்கவும்.

வீட்டில் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவுமானி, குளிர்ந்த விரலில் பொருத்தினால் சரியான அளவைக் காட்டாது. விரலைச் சூடேற்றிய பின் பார்க்கவும். அது காட்டும் எண் எதுவாயினும், நோயாளியின் தோற்றத்திற்கே முதலிடம் அளிக்கவும்.

உடல் வெப்பக்குறைவு: அறிகுறிகளும் முதலுதவியும்

உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குறைவது உடல் வெப்பக்குறைவு எனப்படும். தொடக்கத்தில் நடுக்கம் மிகுதியாக இருக்கும். பின்னர் பேச்சு குழறும், கால் இடறும், கையுறையை அணிய விரல் ஒத்துழைக்காது. கலகலப்பாகப் பேசி வந்தவர் மௌனமாவார்; எரிச்சலடைவார்; பின்தங்குவார். இந்த மௌனத்தைக் களைப்பு எனக் கருதிக் கடந்துவிடலாகாது. உள்வெப்பம் மேலும் குறையும்போது நடுக்கம் நின்றுவிடும். நடுக்கம் நின்றதும் நலமடைந்துவிட்டார் என உடனிருப்போர் எண்ணக்கூடும். உடை ஈரமாகவே இருந்து, பேச்சும் தெளிவற்றிருந்தால் அது நோய் முற்றியதன் அடையாளம்.

செய்ய வேண்டியவை:

• காற்று படாத இடத்திற்குக் கொண்டுசெல்லவும். பலகை, பை, போர்வை ஆகியவற்றைப் பரப்பி, பனித்தரை உடலில் படாதவாறு அமர்த்தவும்.
• மறைவிடம் கிடைத்ததும் ஈர உடையை நீக்கி உலர்ந்த உடை அணிவிக்கவும். தலையையும் கழுத்தையும் மூடவும்.
• முழு நினைவுடன் விழுங்க இயன்றால் ஃபிளாஸ்கிலுள்ள இனிப்பான வெதுவெதுப்பான பானமும் உணவும் கொடுக்கவும்.
• வெந்நீர்ப் பை இருந்தால் துணியில் சுற்றி மார்பிலும் அக்குளிலும் வைக்கவும்; தோலில் நேரடியாக வைக்கக் கூடாது.

செய்யக் கூடாதவை:

• கை கால்களைத் தேய்த்துவிடுதல்.
• நினைவு மங்கியவரை நடக்கவைத்தல். அவருக்கு வாய்வழியாக எதையும் கொடுத்தல்.
• நெருப்பின் அருகே நேரடியாகக் கிடத்துதல்.

நினைவு மங்கியவரைப் படுத்த நிலையிலேயே மென்மையாகக் கையாள வேண்டும். கடுங்குளிரில் மூச்சும் நாடியும் மிக மெதுவாக இருக்கும். எனவே ஒரு நிமிடம் வரை கவனித்துப் பார்க்கவும். மூச்சு இல்லையெனில் உயிர்காப்பு மார்பழுத்தத்தைத் தொடங்கவும். குளிர்ந்து விறைத்த உடலைக் கண்டு இறந்துவிட்டார் என முடிவு செய்ய வேண்டாம். அவ்வாறு மீட்கப்பட்டுப் பிழைத்தவர்கள் உண்டு.

பனிக்கடி

விரல்நுனி, மூக்கு, காதுமடல், கன்னம் ஆகிய இடங்களில் தோல் வெளுத்து, மெழுகு போல் மாறி, உணர்ச்சியற்றுப் போவது பனிக்கடியின் அடையாளம். கருநிறத் தோலில் நிறமாற்றம் எளிதில் புலப்படாது. எனவே தொட்டுப் பார்த்து, உணர்ச்சி உள்ளதா எனக் கேட்க வேண்டும். ஒருவர் முகத்தை மற்றவர் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

தொடக்க நிலையில் கையை அக்குளில் வைத்துக்கொள்வதும், கன்னத்தில் வெறுங்கையைப் பதிப்பதும் போதுமானது. உணர்ச்சி திரும்பவில்லையெனில் மருத்துவ நிலையத்தை அடைய வேண்டும். பனியால் தேய்ப்பதும், தணலில் காட்டுவதும் திசுக்களைச் சிதைக்கும். மருத்துவ உதவி தாமதமானால், மீண்டும் உறையும் வாய்ப்பு இல்லாத இடத்தில் மட்டும், 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஏறத்தாழ அரைமணி நேரம் அமிழ்த்தி வைக்கலாம். நீரின் சூட்டைப் பாதிக்கப்படாத ஒருவர் தமது முழங்கையால் சோதிக்க வேண்டும். கொப்புளங்களை உடைக்கக் கூடாது.

கண்களின் பாதுகாப்பு

புதிய பனி தன்மீது விழும் புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி எறியும். சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் விழுந்தாற் போன்ற உறுத்தல், கண்ணீர், கடும் வலி ஆகியவை தோன்றும். மேகமூட்டமான நாளிலும் இது நேரலாம். குழந்தைகள் உட்பட அனைவரும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், பக்கவாட்டிலும் மறைக்கும் கண்ணாடியை அணிய வேண்டும். பாதிப்பு ஏற்பட்டால் கண்ணைத் தேய்க்காமல், இருண்ட அறையில் ஓய்வெடுத்து மருத்துவரை அணுகவும்.

தங்கும் அறையில் கரி அடுப்பு: மறைந்திருக்கும் ஆபத்து

பகல் முழுவதும் குளிரில் இருந்துவிட்டு வந்தவர்கள், அறையின் கதவையும் சன்னலையும் அடைத்துக் கரி அடுப்பையோ எரிவாயு ஹீட்டரையோ மூட்டி உறங்குவதுண்டு. இதனால் வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு வாயுவிற்கு நிறமோ மணமோ இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியது.

இதன் முதல் அறிகுறிகளான தலைவலியும் குமட்டலும் உயர்மலை நோயின் அறிகுறிகளையே ஒத்திருக்கும். ஓர் அறையிலுள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி தோன்றினாலும், வெளியே வந்தவுடன் அது குறைந்தாலும் வாயு நச்சு என ஐயுற வேண்டும். உடனே அனைவரையும் வெளிக்காற்றிற்குக் கொண்டுவந்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும். உறங்கும் அறையில் கரி அடுப்பை வைக்கவே கூடாது.

உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் நிலைகள்

• ஓய்வாக இருக்கும்போதும் மூச்சுத்திணறல், தொடர் இருமல், நுரையுடன் கூடிய சளி
• நேர்க்கோட்டில் நடக்க இயலாத தள்ளாட்டம், குழப்பம், மிகுந்த உறக்கநிலை
• நெஞ்சுவலி, மயக்கம்
• குழறிய பேச்சு, நின்றுபோன நடுக்கம்
• சூடேற்றியும் உணர்ச்சி திரும்பாத விரல்கள்

முதல் இரண்டும், உயரத்தினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்துக்கொள்வதன் அறிகுறிகளாக இருக்கலாம். விடியும்வரை காத்திராமல், துணையுடன் பாதுகாப்பாகக் கீழிறக்கத் தொடங்க வேண்டும். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கவும். குளிரில் கைப்பேசியின் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் அதனை உட்பையில் வைத்திருக்கவும்.

திரும்பும் நேரம்

காலையிலேயே புறப்பட்டு, வெயில் சாயும் முன் தங்குமிடம் திரும்புதல் வேண்டும். கையிலுள்ள நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிந்ததும் திரும்பத் தொடங்கினால், களைத்தவருடன் மெதுவாக வருவதற்கும் நேரம் இருக்கும். உள்ளூர் நிர்வாகத்தின் பனிச்சரிவு எச்சரிக்கையை மதித்து, குறியிடப்பட்ட பாதையை விட்டு விலகாமல் செல்லவும். தங்குமிடத்தில் ஒருவரிடம், செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் கூறிவிட்டுச் செல்லவும்.

திரும்பும் முடிவு குறித்துப் புறப்படும் முன்பே குடும்பத்தினர் பேசி வைத்துக்கொள்வது நன்று. ‘போதும்’ என்று யார் சொன்னாலும், குழந்தையே சொன்னாலும், காரணம் கேட்காமல் அனைவரும் திரும்புவது என முடிவு செய்துகொள்ளுங்கள். நெடுந்தொலைவிலிருந்து செலவு செய்து வந்திருக்கிறோமே என்ற எண்ணத்தால் தமது இயலாமையைச் சொல்லத் தயங்குபவர் எல்லாக் குடும்பங்களிலும் ஒருவர் இருப்பார். அவர் தயக்கமின்றிச் சொல்ல வழி செய்வது உடன் செல்வோரின் கடமை.